நாகையில் கரை கடக்கும் புயல் வேடசந்தூரை என்ன செய்யும்?

"எங்க ஊர்ல கடலே கிடையாது. வங்கக் கடல்ல காற்றழுத்தத் தாழ்வுன்னு டி.வி.யில சொன்னா நாங்க எதுக்குங்க பயப்படணும்? அதுவும் போக, மழை வருதுன்னு சொன்னா வர்றதில்ல, வராதுன்னு சொன்ன அன்னைக்கு கொட்டித் தீர்க்குது. இதுல கடல் சூடு, எல் நினோன்னு வேற சொல்றாங்க. அதையெல்லாம் வச்சு எங்க ஊர் மழையை நிஜமாவே கணிக்க முடியுமா?"

வேடசந்தூரிலிருந்து ஒரு வாசகி வாய்ஸ் மெசேஜில் கேட்டிருக்கிறார். மானாவாரியில் மக்காச்சோளம் போட்டிருக்கிறாராம். மழை வந்தாலும் கவலை, வராவிட்டாலும் கவலை என்று சிரிக்கிறார். கேள்வி சின்னதாகத் தெரிகிறது. ஆனால் இதைக் கேட்க வேடசந்தூர்க்காரர்களுக்கு இருக்கும் உரிமை தமிழ்நாட்டில் வேறு பல ஊர்களுக்கு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் உங்கள் போனில் மேப்பைத் திறந்து நாகப்பட்டினத்தில் விரலை வையுங்கள். அப்படியே நேர் மேற்காக இழுங்கள். திருவாரூர், தஞ்சாவூர், திருச்சி, மணப்பாறை... விரல் கொஞ்சம் தெற்கே சரிந்தால் வேடசந்தூர். நேர்கோட்டில் சுமார் 200 கிலோமீட்டர்தான். நவம்பர் மாதத்தில் வங்கக் கடலில் உருவாகி டெல்டாவில் கரை ஏறும் புயல்களில் பல, மேற்கே பார்த்துத்தான் நடக்கும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் நாகையில் கரை கடந்தது பத்து மணி நேரத்தில் உங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு மேலே வந்துவிடும். அதற்குள் காற்று வலுவிழந்திருக்கும். ஆனால் காற்று குறைந்துவிட்டது என்பதற்காக மழையும் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கடலிலிருந்து சுமந்து வந்த ஈரம் அப்படியே இருக்கும். 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, திண்டுக்கல் மாவட்டத்தையும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் கேரளா போனது. கொடைக்கானல் மலையில் சாய்ந்த மரங்கள் அதற்குச் சாட்சி.

கஜா கூடப் பரவாயில்லை. 1977-க்கு வருவோம்.

அப்போது திண்டுக்கல் மாவட்டம் என்று ஒன்று இல்லை. வேடசந்தூர் மதுரை மாவட்டத்தில் இருந்தது. நவம்பர் 12-ம் தேதி அதிகாலை நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே ஒரு கடும் புயல் கரையைக் கடந்தது. தமிழ்நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். திருச்சி நகரம் வெள்ளத்தில் மூழ்கியதை அங்கே வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். ஒரே வாரத்தில் ஆந்திராவின் திவிசீமாவை இன்னொரு புயல் தாக்கி பத்தாயிரம் பேருக்கு மேல் பலிகொண்டதால், நாகைப் புயல் நாட்டின் நினைவில் பின்னுக்குப் போய்விட்டது.

அந்த நவம்பர் வெள்ளத்தில்தான் வேடசந்தூர் அருகே அழகாபுரியில் குடகனாறு அணை உடைந்தது. அப்போது அது புத்தம் புதிய மண் அணை. ஐந்து ஷட்டர்கள். உலகத்தில் உடைந்த அணைகளைப் பற்றிப் படிக்கும் பொறியாளர்கள் இன்றைக்கும் இந்த அணையின் பெயரைப் பாடமாகப் படிக்கிறார்கள். வெள்ளம் வந்தபோது ஊழியர்கள் ஷட்டர்களைத் தூக்க ஆரம்பித்திருக்கிறார்கள். பாதி தூக்கியபோதே கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரை ஓடவிட்டும் பயனில்லை. கடைசியில் கையாலேயே சுற்றித் தூக்கப் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் காத்திருக்கவில்லை. கரைக்கு மேலேயே ஏறி, பின்பக்கச் சரிவில் அருவி மாதிரி கொட்டி, மண்ணை அரித்துக்கொண்டு போய்விட்டது. சில இடங்களில் உடைப்பின் நீளம் 200 மீட்டர். அணையைப் பிறகு திரும்பக் கட்டினார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த அணையின் கொள்ளளவு சுமார் 434 மில்லியன் கன அடி. அது தாங்கும் என்று வடிவமைத்திருந்த வெள்ளம் விநாடிக்கு சுமார் 45,000 கன அடி. அந்த அளவு தண்ணீர் வந்தால், காலியாக இருக்கும் அணை நிறைய எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று மணி நேரம் கூட ஆகாது. மேட்டூர் மாதிரி பெரிய அணையில் நாளைக்கு நாள் பார்த்து முடிவெடுக்கலாம். இங்கே ஒரு சினிமா பார்த்துவிட்டு வருவதற்குள் கதை முடிந்துவிடும்.

எனவே வாசகியின் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். அந்த மூன்று மணி நேரத்துக்கு முன்னால் எத்தனை மணி நேரம், எத்தனை நாள் நமக்குக் கிடைக்கும்? கடலும் காற்றும் எவ்வளவு முன்கூட்டிச் சொல்லும்?

நம் ஆட்களும் முயற்சி செய்யாமல் இல்லை. மார்கழியில் கர்ப்போட்டம் பார்ப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. அந்த இரண்டு வாரம் மேகம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்து அடுத்த வருட மழையைச் சொல்வார்கள். உங்கள் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். அறிவியல்படி அதற்கு ஆதாரம் உண்டா என்றால், எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் மழை பெய்யும் மேகத்தைப் பார்க்காமல், பல மாதம் முன்னால் வானத்தின் ஜாடையைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்ற யோசனை இருக்கிறதே, அதே யோசனையைத்தான் இன்றைக்கு பசிபிக் பெருங்கடலை வைத்துச் செய்கிறார்கள்.

எல் நினோ என்பது அதுதான். தென் அமெரிக்காவுக்குப் பக்கத்தில், பசிபிக் கடலின் மேல் தண்ணீர் வழக்கத்தைவிடச் சூடாகிவிடுவது. இந்தியாவுக்கு எல் நினோ என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் படுத்துவிடும். அதனால் டெல்லி சேனல்களில் அந்தப் பெயரைக் கேட்டாலே ஒப்பாரி. நமக்குக் கதை வேறு. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி, சுமார் 44 சென்டிமீட்டர், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில்தான் வருகிறது. எல் நினோ ஆண்டுகளில் இந்த மழை நன்றாகப் பெய்யும் வாய்ப்பு அதிகம். பலமான எல் நினோ இருந்த 2015-ல் வழக்கத்தைவிட ஐம்பது சதவீதத்துக்கும் மேல் கூடுதல். அந்த டிசம்பர் 1, 2-ல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். சென்னைக்காரர்கள் மறக்க மாட்டார்கள்.

எல் நினோவுக்கு நேரெதிர் லா நினா. அந்த ஆண்டுகளில் நம் பக்கம் மழை குறையலாம். 2016-ல் அப்படித்தான் ஆனது. அறுபது சதவீதத்துக்கும் மேல் பற்றாக்குறை. அடுத்த கோடையில் திண்டுக்கல் மாவட்டத்தில் போர்வெல் காய்ந்த கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. சரி, சூத்திரம் கிடைத்துவிட்டது என்று நினைத்தால், 2021 வந்து அதைக் கிழித்துப் போட்டது. அதுவும் லா நினா ஆண்டுதான். ஆனால் மழை, வழக்கத்தைவிட ஏறக்குறைய அறுபது சதவீதம் அதிகம்!

காரணம், பசிபிக் மட்டும் தீர்மானிப்பதில்லை. நம் இந்தியப் பெருங்கடலிலேயே ஒரு ஏற்ற இறக்கம் உண்டு. ஆப்பிரிக்கா பக்கம் சூடு, இந்தோனேசியா பக்கம் குளிர். சில வருடம் நேர்மாறு. இந்தியப் பெருங்கடல் இருமுனை என்று இதற்குப் பெயர். சாஜி என்ற இந்திய ஆய்வாளரும் ஜப்பானின் யமகாடாவும் மற்றவர்களும் 1999-ல் எழுதிய பிறகுதான் உலகம் இதைக் கவனிக்க ஆரம்பித்தது. ஆப்பிரிக்கா பக்கம் சூடாக இருந்தால் நம் வடகிழக்கு மழைக்குப் பொதுவாக நல்லது.

இந்த இரண்டும் சொல்வது சீசன் கணக்கு. 'இந்த வருடம் மழை கூடலாம், குறையலாம்' என்ற அளவுதான். எந்தத் தேதி, எந்த ஊர் என்பதெல்லாம் இதில் கிடையாது. எல் நினோ என்று கேள்விப்பட்டதும் நவம்பர் 12-ம் தேதி குடகனாற்றில் வெள்ளம் வரும் என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால், அப்படியே டெலீட் செய்துவிடுங்கள்.

அடுத்த படி, வாரக் கணக்கு. இதில்தான் எனக்குப் பிடித்த ஒரு ஆசாமி வருகிறார். பூமத்திய ரேகையை ஒட்டி, ஒரு பெரிய மேகக் கூட்டம் மேற்கிலிருந்து கிழக்கே உலகத்தையே சுற்றி வருகிறது. ஒரு சுற்றுக்கு 30 முதல் 60 நாள். தேர் வீதி உலா மாதிரி. 1971-ல் மாடன், ஜூலியன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததால் மாடன்-ஜூலியன் அலைவு என்கிறார்கள். இந்தத் தேர் இந்தியப் பெருங்கடல் தெருவில் நுழையும்போது வங்கக் கடலில் தாழ்வுப் பகுதிகள் உருவாக வாய்ப்பு கூடும். தாண்டிப் போய்விட்டால் இங்கே சில நாள் ஓய்வு. நவம்பரில் பத்து நாள் விடாமல் பெய்துவிட்டு அப்புறம் பத்து நாள் வெயில் அடிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதற்குப் பெரும்பாலும் இந்தத் தேர் ஒரு காரணம். தேர் எங்கே நிற்கிறது என்று தெரிவதால்தான் வானிலைத் துறையால் இரண்டு, மூன்று வாரத்துக்கு ஓரளவு சொல்ல முடிகிறது. ஒவ்வொரு வியாழனும் அந்த அறிக்கை வருகிறது. மக்காச்சோளம் அறுக்கலாமா, தள்ளிப்போடலாமா என்று யோசிக்கிற வாசகிக்கு, டி.வி. செய்தியைவிட இது உபயோகம்.

இனி நாள் கணக்கு. கடல் மேல்மட்டம் 26.5 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் புயல் உருவாகலாம் என்பது பொதுவான அளவு. அக்டோபர், நவம்பரில் வங்கக் கடல் எப்போதும் அதைவிடச் சூடுதான். அப்படியானால் தினமும் ஒரு புயல் வர வேண்டுமே? வராது. மேல் காற்றும் கீழ்க் காற்றும் வேறு வேறு திசையில், வேறு வேறு வேகத்தில் அடித்தால் புயலின் தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் ஆகி சிதைந்துவிடும். நடு வானத்தில் ஈரம் குறைந்தாலும் உருவாகாது. கடலின் சூடு மேலாக்கில் மட்டும் இருந்தால், புயல் கலக்கும்போது அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வந்து அதுவே அணைத்துவிடும். ஐம்பது, நூறு மீட்டர் ஆழம் வரை சூடு இருந்தால்தான் அடுப்பு தொடர்ந்து எரியும்.

கடலுக்குள் நூறு மீட்டரில் என்ன சூடு என்று யார் போய்ப் பார்ப்பது? அதற்குத்தான் ஆர்கோ மிதவைகள். உலகம் முழுக்க சுமார் நாலாயிரம். 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கி, பத்து நாளைக்கு ஒருமுறை மேலே வந்து, தான் பார்த்த சூட்டையும் உப்பையும் சாட்டிலைட்டுக்குச் சொல்லிவிட்டுத் திரும்ப முங்கிவிடும். சென்னையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக் கடலில் நங்கூரமிட்ட மிதவைகளையும் நிறுத்தியிருக்கிறது. வானத்திலிருந்து இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் பார்க்கின்றன. 1977-ல் இதெல்லாம் இல்லை. முதல் இன்சாட் மேலே போனதே 1982-ல்தான்.

இத்தனை தகவலையும் கம்ப்யூட்டரில் கொட்டி, அடுத்த பத்து நாளைக்குக் காற்று எப்படி நகரும் என்று கணக்குப் போடுகிறார்கள். ஒரு தடவை போட்டு நிறுத்துவதில்லை. தொடக்க எண்களைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பல தடவை போடுவார்கள். ஐரோப்பிய மையம் ஒவ்வொரு முறையும் 51 கணக்குகள் போடுகிறது. நாற்பது கணக்கில் புயல் நாகைக்கு வந்தால் நம்பலாம். இருபது கணக்கு நாகைக்கும், இருபது கணக்கு ஆந்திராவுக்கும், மீதி கடலிலேயே கரைந்தும் போனால், 'வாய்ப்பு உண்டு' என்று மட்டும்தான் நேர்மையாகச் சொல்ல முடியும். நாம்தான் அந்த 'வாய்ப்பு உண்டு' என்பதை 'வரும்' என்று கேட்டுக்கொள்கிறோம். ரமணன் டி.வி.யில் வந்தாலே லீவு என்று குதித்த தலைமுறைதானே நாம்!

இப்போதெல்லாம் புயல் எங்கே கரை கடக்கும் என்பதை இரண்டு, மூன்று நாள் முன்னதாக நன்றாகவே சொல்லிவிடுகிறார்கள். எத்தனை சென்டிமீட்டர் பெய்யும் என்பதில்தான் இன்னும் தகராறு.

2023 டிசம்பர் 17, 18-ல் தென் மாவட்டங்களில் என்ன நடந்தது? புயல் இல்லை, பெயர் இல்லை. குமரிக் கடல் பக்கம் வெறும் வளிமண்டலச் சுழற்சி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடி மாவட்டம் ஒரு வருடத்தில் சராசரியாகப் பார்க்கும் மழையைவிட அது அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கினார்கள். எச்சரிக்கை போதுமா, போதாதா என்று மாநில அரசும் மத்திய அரசும் மாறி மாறிக் குற்றம் சொல்லிக்கொண்டன. மறு வருடம் ஃபெஞ்சல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. பிறகு உள்ளே நகர்ந்தபோது, கடலே தெரியாத கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர்! சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறக்க வேண்டியதாயிற்று. தென்பெண்ணைக் கரை ஊர்களில் அந்த இரவு யாரும் தூங்கவில்லை.

"எங்க ஊர்ல கடலே கிடையாது" என்று சொன்ன வாசகிக்கு ஊத்தங்கரைதான் என் பதில்.

ஏன் அளவைச் சொல்ல முடிவதில்லை? கனமழை கொட்டும் மேகக் கூட்டம் சில சமயம் பத்து, இருபது கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். கம்ப்யூட்டர் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்குப் போடும். 2025 மே மாதம் இந்தியா கொண்டுவந்த பாரத் முன்னறிவிப்பு முறையில் ஒரு கட்டம் 6 கிலோமீட்டர். முன்பு அது 12. நல்ல முன்னேற்றம்தான். இருந்தாலும் சிறுமலையின் ஒரு சரிவில் ஈரக் காற்று மோதி மேலே ஏறுவதை, இன்னொரு சரிவில் ஏறாமல் போவதை அந்தக் கட்டம் முழுதாகப் பிடிக்காது. புயல் நகரும் வேகம் கொஞ்சம் குறைந்தாலும் போதும், பத்து சென்டிமீட்டர் இருபதாகிவிடும். இதோடு இன்னொன்று: காற்று ஒரு டிகிரி சூடானால் ஏழு சதவீதம் கூடுதல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூமி சூடாகச் சூடாக, பெய்தால் கொட்டு, இல்லாவிட்டால் வறட்சி என்று ஆவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சென்டிமீட்டர் என்றதும் பலருக்கு ஸ்கேல்தான் ஞாபகம் வரும். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் சுமார் 40,000 லிட்டர். மூன்று தண்ணி லாரிக்கு மேல். வானிலைத் துறைக் கணக்கில் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் கனமழை, 12 முதல் 20 மிகக் கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. பலரும் 'கனமழை' என்று கேட்டுவிட்டு, முன்னால் 'மிக' இருந்ததா 'அதி' இருந்ததா என்று கவனிப்பதில்லை. அந்த ஒரு சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. மேலே மலைப் பக்கம் ஒரு நூறு சதுர கிலோமீட்டரில் 20 சென்டிமீட்டர் பெய்து, அதில் மூன்றில் இரண்டு பங்கு ஓடிவந்தால் குடகனாறு அணையின் முழுக் கொள்ளளவையும் தாண்டிவிடும்.

இங்கே எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. ரெட் அலெர்ட், ஆரஞ்சு அலெர்ட் எல்லாம் மாவட்டத்துக்குச் சொல்கிறார்கள். 'திண்டுக்கல் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில்' என்றால் அது கொடைக்கானலா, நத்தமா, வேடசந்தூரா? ஆறு மாவட்ட எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை. சிறுமலையிலும் பழனி மலையின் கீழ்ச் சரிவிலும் பெய்வதுதான் ஆத்தூர், திண்டுக்கல் வழியாக அழகாபுரிக்கு வருகிறது. அங்கிருந்து கரூர் மாவட்டம் போய் அமராவதியில் சேர்கிறது. வேடசந்தூரில் வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரலாம். பல வருடமாகக் குடகனாற்றில் தண்ணீரே வரவில்லை என்று போராட்டம் நடத்திய ஊர்களுக்கு, இந்த ஆறு ஒரு காலத்தில் அணையையே உடைத்தது என்று சொன்னால் இளசுகள் நம்புவதில்லை. வறண்ட ஆற்றுக்குள் தைரியமாகக் கட்டடம் கட்டுவதற்கும் அந்த மறதிதான் காரணம்.

ஒரு நல்ல விஷயமும் சொல்லிவிடுகிறேன். வேடசந்தூர் மழையளவு விஷயத்தில் கொடுத்து வைத்த ஊர். சென்னை வானிலை மையம் தினமும் காலையில் வெளியிடும் மழைப் பட்டியலைப் பார்த்தால் வேடசந்தூர் தனியாக இருக்கும், ஊரிலுள்ள புகையிலை ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கும் தனியாக இருக்கும். ஒரே ஊரில் இரண்டு மழைமானி! இரண்டும் சில நாள் வேறு வேறு எண் காட்டும். ஒரு தெருவில் பெய்து அடுத்த தெருவில் பெய்யாத மழையைக் கம்ப்யூட்டர் எப்படிப் பிடிக்கும் என்று புரிய, அந்தப் பட்டியலை ஒரு மாதம் பார்த்தாலே போதும்.

வாசகி இந்த சீசனில் என்ன செய்யலாம்? அக்டோபர் முதல் வாரத்தில் சீசன் அறிக்கையை ஒருமுறை படித்துவிட்டு மறந்துவிடுங்கள். வியாழன் அறிக்கையை வைத்து அறுவடையையும் உரம் வைப்பதையும் திட்டமிடுங்கள். விவசாயிகளுக்கென்றே மேக்தூத் என்ற ஆப் இருக்கிறது. தமிழக அரசின் டிஎன் அலெர்ட் ஆப்பையும் போட்டுக்கொள்ளுங்கள். நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே புயல் வருகிறது, மேற்கே நகர்கிறது என்று கேட்டால், அன்றைக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் காற்று என்று பார்க்காதீர்கள். எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று பாருங்கள். மெதுவாக நகர்ந்தால் மழை அதிகம். திண்டுக்கல்லுக்கு 'அதி கனமழை' என்று வந்துவிட்டால், அன்று இரவு ஆற்றோரத் தோட்டத்தில் மாட்டைக் கட்டாதீர்கள், மோட்டார் அறையில் யாரையும் படுக்க விடாதீர்கள். ஆற்றில் தண்ணீரின் நிறம் திடீரென்று செம்மண்ணாக மாறினால், மேலே எங்கோ பலமாகப் பெய்திருக்கிறது. அப்போது எந்த ஆப்பையும் பார்க்க வேண்டாம், மேட்டுக்குப் போங்கள். மாவட்டப் பேரிடர் எண் 1077. இதை போனில் 'வெள்ளம்' என்று பெயர் போட்டு சேவ் செய்து வையுங்கள். பதட்டத்தில் எண் ஞாபகம் வராது, பெயர் வரும்.